இரண்டு கடைப் பருப்பு

இரண்டு கிலோ துவரம்பருப்பை வைத்து ஒரு கல்யாணத்தைக் காலையில் நிறுத்தி, அதே பருப்பை வைத்து அதே கல்யாணத்தை மத்தியானத்துக்குள் நிச்சயம் பண்ணினவன் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் நான் ஒருத்தன்தான். உலகத்திலேயே ஒருத்தன்தான் என்று சொல்லியிருப்பேன், தன்னடக்கம் தடுக்கிறது. என் மச்சான் ஜெகதீசன் மட்டும், "இதெல்லாம் நடக்கவே இல்ல மாமா, நீங்களா ஜோடிச்சிக்கினது" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவனுக்காகவே முழுசாக எழுதுகிறேன்.

என் பெயர் விருத்தாசலம். ஆனால் காலமெல்லாம் ஓடினது விழுப்புரம் – திண்டிவனம் பஸ்ஸில். கண்டக்டர். நான் கிழித்த டிக்கெட்டையெல்லாம் நீட்டி ஒட்டினால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். ஓய்வு பெற்றபோது ஒரு சால்வை, ஒரு கடிகாரம், ஒரு இலவசப் பாஸ் கொடுத்தார்கள். சால்வையைப் பூச்சி தின்றது. கடிகாரம் மறு வாரமே நின்றது. பாஸ் மட்டும் இன்னும் ராஜா மாதிரி சட்டைப் பையில் உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பாஸ் இருக்கிறவனுக்கு மளிகைக் கடை தெருமுனையோடு முடிந்துவிடுவதில்லை. மாவட்டம் பூராவும் அவனுக்குக் கடைதான். எந்தக் கடையில் எது மலிவு என்று கண்டக்டரைப் போல் தெரிந்தவன் கிடையாது. ஜனங்கள் பையோடு ஏறுவார்கள், விலையைப் புலம்பிக்கொண்டே இறங்குவார்கள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை எண்ணெய்க்கும் கேப்பைக்கும் கண்டாச்சிபுரம். புளிக்கும் மிளகாய்க்கும் திண்டிவனம். கருவாட்டுக்குப் பொம்மையார்பாளையம். சோப்பு, டீத்தூளுக்கு விழுப்புரத்தில் புதுசாக எழும்பிய மூன்று மாடிக் கடை. சர்க்கரை ஆலை முண்டியம்பாக்கத்தில், என் வீட்டு மாடியிலிருந்து புகை தெரிகிற தூரத்தில் இருக்கிறது. நான் சர்க்கரை வாங்குவது திண்டிவனத்தில். கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவு. பஸ் முண்டியம்பாக்கத்தைத் தாண்டும்போது என் மடியில் இருக்கிற சர்க்கரை பிறந்த வீட்டைப் பார்த்துச் சிலிர்த்துக்கொள்ளும். சத்தியமாக.

என் பெண்டாட்டி அஞ்சம்மாளுக்கு இதெல்லாம் பிடிக்காது. "ஒரு கிலோ பருப்புக்கு ஒரு நாள் பூரா சுத்துறியே, அந்த நாளுக்கு இன்னா வெல?" என்பாள். ரிட்டையர் ஆனவன் நாளுக்கு விலை ஏது?

தெருமுனையில் அப்பாதுரை மளிகை. அங்கே நான் வாங்குவது தீப்பெட்டி மட்டும். மற்றபடி ஊர் ஊராக வாங்கின பைகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு அவர் கடையைத் தாண்டும்போது மட்டும் எனக்கு எதிர்ப்பக்கத்துச் சுவர் ரொம்ப அழகாகத் தெரியும்.

இப்படிச் சுகமாக இருந்தவனுக்குத்தான் அந்த வாரம் வந்தது.

என் மகள் சங்கவி ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கிறாள். கூடப் படித்த தென்னரசுவைக் கட்டிக்கொள்வதாக முடிவு பண்ணி எங்களிடம் சொல்லிவிட்டாள். பையனுக்குத் திண்டிவனம். தங்கமான பையன். ஆனால் தாய் தகப்பன் இல்லை. அப்பாவோடு பிறந்த அத்தை கெங்கம்மாள்தான் தூக்கி வளர்த்தவள். அந்த அம்மாள் மனசில் மயிலத்துப் பக்கம் வேறொரு பெண் இருந்தது. தென்னரசு பலமாகக் கெஞ்சின பிறகு, "ஞாயித்துக்கிழம போயி வூட்டப் பாக்கறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெண் கேட்டு வருகிறவர்களுக்குச் சம்மதம் என்றால் அந்த வீட்டில் சோறு சாப்பிடுவார்கள். கை நனைக்கிறது என்று பேர். சம்மதம் இல்லையென்றால் வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். காபியைக் குடித்துவிட்டு, சாப்பாடு இன்னொரு நாள் என்று எழுந்துவிடுவார்கள். அந்த இன்னொரு நாள் வராது.

சங்கவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கறேன். இந்த ஒரு தடவ மட்டும் எல்லாத்தையும் அப்பாதுரை அண்ணன் கடையிலயே வாங்கிடுங்க. எனக்காக."

"ஏன்டி, நான் வாங்கினு வர்றதுல இன்னா கொற?"

"கொற ஒண்ணுமில்லப்பா. அந்த அத்தை வேணாம்னு சொல்லிட்டா அவர் மீற மாட்டாரு. நானும் மீறச் சொல்ல மாட்டேன். அதோட முடிஞ்சிது. அதான் பயமா இருக்குது."

சரிம்மா என்று அவள் தலையைத் தொட்டு வாக்குக் கொடுத்தேன். மறுநாள் காலையில் முதல் வேலையாகத் திண்டிவனம் பஸ் ஏறினேன்.

கெட்ட எண்ணம் கிடையாது. மகளுக்கு நடக்கிற விசேஷத்துக்குக் கடைக்காரன் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிறவன் ஒரு தகப்பனா என்றுதான் தோன்றியது. திண்டிவனத்தில் ஒரு கடையில் புதுத் துவரம்பருப்பு வந்திருந்தது. தங்கக் காசைக் குவித்த மாதிரி மின்னியது. விலையும் தங்கம்தான். திரும்பி வந்து விழுப்புரத்து மூன்று மாடிக் கடைக்குப் போனால், அங்கே பருப்பு கிலோவுக்கு முப்பது ரூபாய் தள்ளுபடி. நிறம் கொஞ்சம் மங்கல், வயசான பருப்பு. எனக்குப் பொறி தட்டியது. அதில் ஒரு கிலோ, இதில் ஒரு கிலோ. இரண்டையும் கலந்தால் நடு விலையில் நல்ல பருப்பு! இந்தக் கணக்கு இத்தனை வருஷமாக வேறு எவனுக்கும் தோன்றவில்லையே என்று பரிதாபப்பட்டேன்.

தோட்டத்துப் பக்கம் உட்கார்ந்து முறத்தில் போட்டு, படைத்த கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாதபடி கலந்து டின்னில் கொட்டினேன். அஞ்சம்மாளிடம், "அப்பாதுரை கடைப் பருப்பு, பாரு எப்படி இருக்குது" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நம்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. சாம்பாருக்குப் பருப்பு அடுப்பில். சங்கவி பட்டுக் கட்டி, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போனும் கையுமாக நிற்கிறாள்.

"கூட்டேரிப்பட்டு தாண்டிட்டாங்களாம்மா."

அஞ்சம்மாள் குக்கரைத் திறந்தாள். கரண்டியை விட்டுக் கலக்கினாள். மறுபடியும் கலக்கினாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. பருப்பு கலக்குகிற சத்தம் இல்லை அது. ஆற்றங்கரையில் கூழாங்கல் உருளுகிற சத்தம்.

"இன்னாங்க பருப்பு இது?"

எட்டிப் பார்த்தேன். பாதி கூழாகக் குழைந்து கிடந்தது. மீதிப் பாதி அந்தக் கூழில் தலையைத் தூக்கிக்கொண்டு நீந்தியது. ஒன்றை எடுத்துக் கடித்தேன். என் கடைவாய்ப் பல் ஆடியது.

"இன்னும் ரெண்டு விசில் வுடு" என்றேன்.

விட்டாள். கூழ் இன்னும் கூழானது. கல் கல்லாகவே இருந்தது. எங்கள் வீட்டுப் போர் தண்ணீர் வேறு உப்பு. பழைய பருப்பு அதில் வேகவே வேகாது என்று நின்றது.

"அந்த அப்பாதுரை இப்படிப் பண்ணிட்டாரே! டேய் ஜெகதீசா, போய் அந்த ஆளக் கேட்டுட்டு வாடா!" என்று அஞ்சம்மாள் தம்பியை ஏவினாள். ஜெகதீசன் அப்போதே வேட்டியை மடித்துக் கட்டிவிட்டான். அவன் போய்ச் சண்டை போட்டால் தெருவே கூடும். அப்பாதுரை தன் பங்குக்கு என்னைப் பற்றிச் சொல்லுவார். வருகிறவர்கள் காதில் விழும். வேறு வழியில்லை.

"அப்பாதுரை கட இல்ல. ரெண்டு கட. நான்தான் கலந்தேன்" என்றேன்.

அஞ்சம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும். ஆனால் என்னை உலுக்கியது அது இல்லை. சங்கவி கேட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றாள். திட்டவில்லை, அழவில்லை. தலையிலிருந்த பூவை மெதுவாக எடுத்துச் சுருட்டி, ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே வைத்தாள்.

"பூவ ஏன்மா எடுத்த?"

"வாடிடும்ப்பா. அம்மா சாயங்காலம் வெச்சிக்கட்டும்" என்றாள். போன் அடித்தது. பார்த்தாள். "டோல்கேட் வந்துட்டாங்களாம்."

என் நெஞ்சு பழைய டீசல் எஞ்சின் மாதிரி அடித்தது. பத்துத் தெரு தள்ளி இருக்கிறவர்கள் பூகம்பம் என்று வெளியே ஓடி வந்திருப்பார்கள்.

"போன்ல ஆர்டர் போட்டா பருப்பு வந்துடும் மாமா" என்றான் ஜெகதீசன்.

"வெந்தா வரும்?" என்றாள் அஞ்சம்மாள்.

"அப்ப ஓட்டல்ல சாம்பாரா வாங்கியாந்துடறேங்கா." பெரிய தூக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பறந்தான். இதைக் கவனமாக நினைவில் வையுங்கள். இந்த இடத்தில் அவன் வீட்டை விட்டுப் போய்விட்டான்.

நான் தெருமுனைக்கு ஓடினேன்.

"வாங்க கண்டக்டரே. தீப்பெட்டியா?" என்றார் அப்பாதுரை.

"பருப்பு. ஒரு கிலோ. ஜல்தி."

"இன்னா, திண்டிவனம் பஸ்ஸு இன்னிக்கி ஓடலியா?"

"அப்பாதுரை, காலுல வுழறேன், சீக்கிரம் போடு."

காலில் விழுகிறேன் என்றதும் மனுஷனுக்குக் கை ஓடவில்லை. ஆசை ஆசையாக ஒவ்வொரு மணியாகத் தராசில் போட்டார். "நல்ல பருப்பு. தண்ணி கொதிச்சப்புறம் போட்டு மூடிட்டா இருபது நிமிசத்துல மெழுகாட்டம் குழைஞ்சிடும்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கடையை உரசிக்கொண்டு ஒரு வெள்ளை வேன் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. முன் சீட்டில் தென்னரசு. இருபது நிமிஷத்துக்கு நான் எங்கே போவேன்?

பருப்புப் பொட்டலத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பின்பக்கமாக வீட்டுக்குள் நுழைந்து, முன்பக்கமாக வந்து, "வாங்க, வாங்க" என்று கும்பிட்டேன். திடீரென்று எனக்கு வந்த தொப்பையைத் தென்னரசு ஆச்சரியமாகப் பார்த்தான்.

கெங்கம்மாள் இறங்கினாள். என் வேலைக்காலம் பூராவும் நான் பயந்தது ஒரே ஜாதிக்குத்தான்: நடு வழியில் பஸ்ஸை நிறுத்தி ஏறுகிற செக்கிங் இன்ஸ்பெக்டர். அதே நடை, அதே பார்வை. பனைமரத்தில் பாதி உயரம். வந்தவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்தாள், விட்டத்தைப் பார்த்தாள், காபி கொண்டுவந்த சங்கவியின் வெறும் தலையைப் பார்த்தாள்.

"பொண்ணு தலையில பூ இல்ல?"

"மறந்துட்டேங்க" என்றாள் சங்கவி.

காபி குடித்தார்கள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கெங்கம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"காபி நல்லா இருந்துதுங்க. சாப்பாடு இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

தென்னரசு தரையைப் பார்த்தான். சங்கவி காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டே இருந்தாள். அடுக்கினதையே மறுபடியும் அடுக்கினாள். ஆயிரம் பேர் நெரிசலில் "உள்ள போ, உள்ள போ" என்று கத்தின என் தொண்டையிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

அப்போது அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. உடனே இன்னொன்று. அஞ்சம்மாள் இன்னும் அந்தக் கல்லோடு போராடிக்கொண்டிருந்தாள்.

எழுந்திருக்கப் போன கெங்கம்மாள் காதைத் திருப்பினாள்.

"எல போடற நேரத்துக்கு இன்னும் இன்னா வேகுது?"

அவள் எழுந்தாள். வாசல் பக்கம் திரும்பவில்லை. நேராக அடுப்படிக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன், சங்கவி எனக்குப் பின்னால்.

குக்கரைத் திறக்கச் சொன்னாள். கரண்டியில் எடுத்தாள். ஒரு பருப்பை விரலால் நசுக்கினாள், குழைந்தது. இன்னொன்றை நசுக்கினாள், வழுக்கி ஓடியது.

"ரெண்டு கடப் பருப்பு. புதுசும் பழசும். யாரு கலந்தது?"

"நான்தாங்க" என்றாள் சங்கவி. "பாத்து வாங்கல."

"இல்லீங்க, அவ இல்ல, நான்" என்றேன். சட்டைக்குள்ளிருந்த பொட்டலம் அந்த நேரம் பார்த்துக் கிழிந்து, அப்பாதுரை கடைப் பருப்பு சரசரவென்று என் கால் வழியாகக் கொட்டியது. "நடு வெலக்கி வரும்னு பாத்தேங்க."

கெங்கம்மாள் என்னைப் பார்க்கவே இல்லை. சங்கவியைப் பார்த்தாள்.

"ஒனக்குப் பொய் சொல்ல வரல" என்றாள். பிறகு அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எங்க நைனாவும் இப்படித்தான் கலந்தாரு. என்னக் கேட்டு வந்த அன்னிக்கி. ஒரு கட மலிவு, ஒரு கட உசத்தி, ரெண்டையும் கலந்துட்டா யாருக்குத் தெரியப் போவுதுன்னு. எல போட்டு உக்காந்தவங்க வாயில வெச்சிட்டு எழுந்து பூட்டாங்க."

"அப்புறம்?" என்று கேட்டாள் அஞ்சம்மாள்.

"அப்புறம் இன்னா. தென்னரசுவ வளத்தேன்."

கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மிக்சி எங்க?" என்றாள் கெங்கம்மாள்.

பிறகு நடந்ததை நான் கொஞ்சமும் கூட்டாமல் சொல்கிறேன். கூட்ட வேண்டிய அவசியமே இல்லை. பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகினாள். பருப்பை வடிதட்டில் கொட்டினாள். குழைந்த கூழ் கீழே வடிந்தது. அதை ரசத்துக்கு என்று எடுத்து வைத்தாள். மேலே நின்ற கல்லை மிக்சியில் கொரகொரப்பாக அரைத்தாள். சின்ன வெங்காயம், மிளகாய், தேங்காய், ஓமம். "ஓமமா? சோம்பு இருக்குதுங்க" என்றாள் அஞ்சம்மாள். "ஓமம்" என்றாள் அவள். உருண்டை பிடிக்கிற கையைப் பார்க்க வேண்டுமே! மின்னல்! நான் கண்ணைச் சிமிட்டித் திறப்பதற்குள் இட்லிச் சட்டி நிறைந்துவிட்டது. ஒரு பக்கம் அது ஆவியில் வேக, இன்னொரு பக்கம் புளிக்குழம்பு கொதித்தது. காய் நறுக்கியது சங்கவி. கீழே சிந்தின பருப்பைப் பொறுக்கியது நான்.

வெந்த உருண்டைகளைக் குழம்பில் போட்டதும் சங்கவி ஒன்றைக் கிண்ணத்தில் எடுத்து நீட்டினாள்.

"அத்தை, உப்புப் பாருங்க."

அத்தை என்று அப்போதுதான் முதல் தடவையாகக் கூப்பிட்டாள். கெங்கம்மாள் கிண்ணத்தைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாதா? அந்த வீட்டில் ஒரு வாய் வைத்தால் வைத்ததுதான். நான் மூச்சு விடவில்லை. விழுப்புரமே மூச்சு விடவில்லை. ஜங்ஷனில் ரயிலெல்லாம் நின்றுவிட்டது என்றுதான் இன்னும் நம்புகிறேன்.

உருண்டையைப் பிட்டாள். ஊதினாள். வாயில் போட்டாள். மென்றாள், மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். விழுங்கினாள். மீதிப் பாதியையும் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உப்பு சரியா கீது. அந்தப் பூவ எங்க வெச்சிருக்க, எடுத்து வெச்சிக்க. எலயப் போடுங்க."

சங்கவி ஃப்ரிட்ஜைத் திறந்து, பூவை எடுத்துக்கொண்டு, அந்தக் கதவுக்குப் பின்னாலேயே முகத்தை மறைத்து நின்றாள். குளிர் வெளியே போகிறதே, கரண்ட் பில் ஏறுமே என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் அடக்கின ஒரே சிக்கனம் அதுதான்.

கூடத்துக்குப் போகும் முன் கெங்கம்மாள் எங்களை நிறுத்தினாள். "பொண்ணு கேட்டுப் போன எடத்துல சமைச்சிட்டு வந்தான்னு ஊருல சிரிப்பாங்க. நான் அடுப்பாண்ட நின்னது வெளிய போவக் கூடாது." அஞ்சம்மாளும் சங்கவியும் சத்தியம் பண்ணினார்கள். கூடத்தில் இருந்த தென்னரசுவைச் சொல்லவே வேண்டாம், அத்தை பேச்சை மீற மாட்டான். என்னைப் பார்த்து, "நீங்க சொன்னா சொல்லிக்குங்க. ஒங்கள எவன் நம்பப் போறான்?" என்றாள்.

எல்லோரும் பாதிச் சாப்பாட்டில் இருக்கும்போதுதான் ஜெகதீசன் தூக்கோடு வந்தான். மேம்பாலத்தடியில் நெரிசலாம். தன் ஓட்டல் சாம்பாரை அவனே ஒரு இலை விடாமல் ஊற்றினான். அன்றைக்குச் சொல்ல ஆரம்பித்தான்: நிச்சயம் ஆனது அவன் சாம்பாரால்தானாம்! "கெங்கம்மா எங்க, நம்ம அடுப்படி எங்க? அந்தம்மா ஒரு டம்ளரக்கூட நகத்தல மாமா." நான் சாட்சிக்கு அவன் அக்காவைக் கூப்பிடுவேன், அவள் முறுக்கு சுட எழுந்து போவாள். மகளைக் கூப்பிடுவேன், அவளுக்குப் போன் வரும். கல்யாணம் நடந்து, தலைத் தீபாவளியும் போய்விட்டது. உண்மை என் ஒருத்தன் பக்கத்தில் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது.

போன மாதம் ஜெகதீசன் ஏதோ வேலையாகத் திண்டிவனம் போனான். சங்கவி வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் விழுப்புரம் வந்து இறங்கினவன் வீட்டுக்குப் போகாமல் நேராக என்னிடம் வந்தான். செருப்பைக் கழற்றினான். தண்ணீர் கேட்டான். குடித்தான். மறுபடியும் கேட்டான்.

"இன்னாடா பேஜாரு?" என்றேன்.

"அந்தம்மா இன்னிக்கி உருண்டக் கொழம்பு வெச்சிருந்தாங்க மாமா."

"சரி."

"அக்கா எப்பவும் சோம்புதான் போடும். அன்னிக்கி நம்ம வூட்டுக் கொழம்புல ஓம வாசன. எனக்கு நல்லா ஞாபகம் கீது. இன்னிக்கும் அதே ஓமம்."

இவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்தது சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை.

"கேட்டுட்டேன் மாமா. மூஞ்சிக்கி நேரா. எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. 'ஓட்டல் சாம்பார் உப்பு'ன்னும் சொல்லிட்டாங்க." காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நடந்துதான் இருக்குது."